சத்தம் ஓடுகிறது, படம் திக்குகிறது

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூன் கிராமங்களில் ஃபைபர் வயர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. உறுவையாற்றிலும் அப்படித்தான். வீட்டுப் பையன் கையில் இருக்கும் மொபைலில் எச்டி படம் ஒரு உதறல் இல்லாமல் ஓடுகிறது. அதே வைஃபையில், மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டரில் அதே வீடியோவை 1080பி தரத்தில் போட்டால் படம் திக்க ஆரம்பிக்கிறது. பேச்சு ஒழுங்காக வருகிறது, உதடு பின்னால் வருகிறது. இதற்கு ஊரில் கிடைக்கும் பதில்கள் இரண்டு. ஒன்று, "நெட்டு சரியில்ல." இன்னொன்று, "சிஸ்டம் பழசாயிடுச்சு, மாத்திடுங்க." முதல் பதிலை நம்பி மாதத்துக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கட்டிப் பெரிய பிளானுக்கு மாறுகிறார்கள். அப்போதும் சரியாகாவிட்டால் இரண்டாவது பதிலுக்காகக் கடன் வாங்குகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டு செலவுமே தேவையில்லை.

சினிமா பார்க்கிறவர்களின் செல்லக் கவலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் பாடங்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை ஐஐடி 2020இல் ஆரம்பித்த டேட்டா சயின்ஸ் படிப்பின் பாடங்கள் வீடியோ வழியாகவே நடக்கின்றன. பேராசிரியர் கரும்பலகையில் எழுதும் சமன்பாட்டில் அடுக்குக்குறி 2ஆ 3ஆ என்று 360பி தரத்தில் தெரியாது. அங்கே எச்டி என்பது பாடப்புத்தகத்தின் எழுத்து அளவு. படம் திக்குகிறது என்று தரத்தைக் குறைத்துப் பார்க்கும் பிள்ளை, பாடத்தில் பாதியை ஊகித்துத்தான் படிக்கிறது.

உறுவையாற்றில் ஒரு வீட்டுக் கூடத்தில், அண்ணன் காலேஜ் சேர்ந்தபோது 2013 வாக்கில் வாங்கிய செலரான் லேப்டாப் ஒன்று இப்போது தங்கையிடம் இருக்கிறது. பேட்டரி செத்துவிட்டதால் எந்நேரமும் சார்ஜரில்தான் ஓடும். "நெட்டு நல்லாத்தாண்ணா இருக்கு, ஸ்பீடு டெஸ்ட்ல அறுபது காட்டுது. ஆனா வீடியோ மட்டும் இழுத்து இழுத்து வருது" என்றாள் அந்தப் பெண். ஓடிக்கொண்டிருந்த யூடியூப் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்ற வரியைத் தொட்டோம். படத்தின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி விரிந்தது. அதில் கோடெக் (வீடியோவைச் சுருக்கிய ஃபார்மட்) என்ற இடத்தில் 'விபி09' என்று எழுதியிருந்தது. ஃபிரேம்ஸ் என்ற இடத்தில் விடுபட்டவற்றின் எண்ணிக்கை கண்ணெதிரே ஏறிக்கொண்டே போனது. ஆனால் பஃபர் ஹெல்த் என்ற வரியில் முப்பது விநாடிக்கு மேல் கையிருப்பு இருந்தது. அதாவது வீடியோ வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது, அதை விரித்துக் காட்டத்தான் லேப்டாப்பால் முடியவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு உச்சியிலேயே நின்றது.

குரோமில் எச்264ஐஃபை என்ற இலவச எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டு அதே பாடத்தை மறுபடி ஓட்டினோம். கோடெக் இருந்த இடத்தில் இப்போது 'ஏவிசி1', அதாவது எச்.264 என்ற பழைய ஃபார்மட், வந்தது. சிபியு பாதிக்கும் கீழே இறங்கியது. விடுபட்ட ஃபிரேம் எண்ணிக்கை நகரவே இல்லை. அதே லேப்டாப், அதே நெட், அதே 1080பி. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்ப புதுசு வாங்க வேணாமா தம்பி?"

இங்கே நடந்தது என்ன என்று புரிந்துகொள்ள, ஒரு எச்டி படம் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1920க்கு 1080 என்றால் ஒரு ஃபிரேமில் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 24 பிட். ஆக ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 5 கோடி பிட். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 124 கோடி பிட், அதாவது 1,240 மெகாபிட். நூறு மெகாபிட் இணைப்பில் இதை அனுப்பவே முடியாது. ஆனால் அதே படம் நமக்கு விநாடிக்கு ஐந்து மெகாபிட்டுக்குள் வந்து சேர்கிறது. ஏறக்குறைய 250இல் ஒரு பங்காகச் சுருங்கி வருகிறது.

இந்தச் சுருக்கலின் அடியில் இருக்கும் கணிதத்தில் நம் ஊர்க்காரர்களின் கை உண்டு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது அமெரிக்காவின் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1972இல் ஒரு யோசனையை எழுதி அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆராய்ச்சிப் பணம் கேட்டார். யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. தன் ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜனையும் நண்பர் கே.ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்தார். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. கே.ஆர். ராவ் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அந்தக் கட்டுரையின் பெயர்தான் அந்தக் கணிதத்தின் பெயரும்: டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்.

அது செய்வது இதுதான். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் மெதுவாக மாறும் பகுதி எவ்வளவு, பொடிப்பொடியாகச் சட்டென்று மாறும் பகுதி எவ்வளவு என்று தனித்தனியே பிரித்து எழுதுகிறது. மெதுவான மாற்றத்தைக் கண் கூர்மையாகப் பார்க்கும், பொடி மாற்றத்தை அவ்வளவாகக் கவனிக்காது. எனவே பொடியில் பெரும்பகுதியைத் தள்ளிவிடலாம். மொபைலில் எடுக்கும் ஜேபெக் போட்டோவிலிருந்து எச்.264 வீடியோ வரை எல்லாமே இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. வீடியோவில் இன்னொரு சேமிப்பும் உண்டு. பேராசிரியர் கையை அசைக்கும்போது பின்னாலிருக்கும் பலகை மாறுவதில்லை. அதனால் பலகையை மறுபடி அனுப்பாமல், 'முன் படத்தில் இருந்ததையே வைத்துக்கொள், இந்தக் கட்டத்தை மட்டும் இவ்வளவு தூரம் நகர்த்து' என்று குறிப்பு மட்டும் போகிறது.

ஆக நம் வீட்டுக்கு வருவது படம் இல்லை, படத்தை மறுபடி உருவாக்குவதற்கான குறிப்பு. விநாடிக்கு 25 முறை, 50 முறை அந்தக் குறிப்பைப் படித்து 20 லட்சம் புள்ளிகளையும் நிரப்புவது வீட்டுக் கம்ப்யூட்டரின் வேலை. சுருக்குகிறவர் ஒருவர், விரிக்கிறவர்கள் கோடிக்கணக்கானோர்.

விரிக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாகச் செய்யலாம். எல்லா வேலையும் செய்யத் தெரிந்த சிபியு, மென்பொருளின் உதவியோடு மூச்சுமுட்டச் செய்யலாம். அல்லது இதற்கென்றே கிராபிக்ஸ் பகுதிக்குள் செதுக்கி வைத்திருக்கும் டிகோடர், சூடுகூட ஏறாமல் செய்யலாம். ஆனால் அந்தத் தனி டிகோடருக்கு அது பிறந்த காலத்தில் இருந்த ஃபார்மட்கள்தான் தெரியும். பிறகு வந்ததை அதற்குக் கற்றுத்தர முடியாது.

எச்.264 தரம் 2003இல் வந்தது. 2010க்குப் பிறகு வந்த அநேகமாக எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதற்கு டிகோடர் உண்டு. அந்தக் கறுப்புப் பெட்டியில் 'விபி09' என்று தெரிந்த கூகுளின் விபி9, 2013இல் வந்தது. இன்டெல் சிப்களில் அதற்கு முழு டிகோடர் ஏழாம் தலைமுறையில்தான் கிடைத்தது. அடுத்த ஃபார்மட்டான ஏவி1, 2018இல் வந்தது. இன்டெல்லில் அதற்கு 11ஆம் தலைமுறை வரை, அதாவது 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு புதிய ஃபார்மட்டும் முந்தையதைவிட அதிகமாகச் சுருக்குகிறது. அனுப்புகிற கம்பெனிக்கு வயர் செலவு குறைகிறது, மொபைல் டேட்டாவில் பார்க்கிறவர்களுக்கும் அது நன்மைதான். ஆனால் அதிகம் சுருக்கியதை விரிக்க அதிக உழைப்பு வேண்டும். டிகோடர் இல்லாத பழைய கம்ப்யூட்டரில் அந்த உழைப்பு முழுதும் சிபியு தலையில் விழுகிறது. பெரிய கம்பெனியின் சர்வரில் மிச்சமாகிற பணத்தின் ஒரு பகுதி, கிராமத்து வீட்டின் பழைய லேப்டாப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. இதை யாரும் அந்த வீட்டுக்குச் சொல்வதில்லை. 'உன் மெஷின் செத்துவிட்டது' என்று மட்டும் சொல்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு.

கண்ணும் காதும் போதும்

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. படம், சத்தம் இரண்டும் நின்று நடுவில் வட்டம் சுற்றினால், அது நெட். ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இரண்டு சுவர் இருந்தால், பிளானை மாற்றுவதற்கு முன் ஒரு லேன் கேபிள் இழுத்துப் பாருங்கள். சத்தம் ஒழுங்காக ஓடிப் படம் மட்டும் திக்கினால், அது டிகோடர் பிரச்சினை. மேலே சொன்ன எக்ஸ்டென்ஷன் அதற்குத்தான். யூடியூப் எச்.264ஐ 1080பி வரைதான் தருகிறது, 4கே வராது. பழைய லேப்டாப்பின் திரைக்கு அது குறையும் இல்லை. குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏதோ ஒரு நாள் திரை மினுக்கியதற்காக யாரோ அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள், வருடக்கணக்காக அப்படியே கிடக்கும்.

முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடி, அதற்குப் பிறகு திக்கத் தொடங்கினால் அது சூடு. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நம் பக்கத்து ஏப்ரல், மே புழுக்கத்தில், மெத்தை மேல் வைத்த லேப்டாப்பின் காற்று வழி அடைபட்டுப் போகும். அறுவடை மெஷின் வயலில் ஓடும் வாரங்களில் பறக்கும் தூசு, ஃபேனுக்குப் பின்னால் கம்பளி மாதிரி படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே பல லேப்டாப்கள் பிழைத்துக்கொள்ளும். ராம் ஒரே ஒரு குச்சியாக இருந்தால் இன்னொன்று சேர்ப்பதிலும் பலன் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர்களில் படத்துக்கும் அந்த ராம்தான் கிடங்கு, இரண்டு குச்சி இருந்தால் போக்குவரத்துப் பாதை இரண்டாகிறது.

இன்னொரு திக்கல் உண்டு. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். சிபியு சும்மா இருக்கும், நெட் நன்றாக இருக்கும், ஒரு ஃபிரேமும் விடுபடவில்லை. ஆனாலும் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓட, கேமரா கூடவே திரும்பும்போது படம் மெல்ல உதறும். காரணம் இதுதான். நம் நாட்டு டிவி ஒளிபரப்பு விநாடிக்கு 25 அல்லது 50 என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது. கம்ப்யூட்டர் மானிட்டர் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 50 ஃபிரேமை 60 இடத்தில் நிரப்ப, ஐந்தில் ஒரு ஃபிரேமை இரண்டு முறை காட்ட வேண்டியிருக்கிறது. விநாடிக்குப் பத்து முறை படம் ஒரு கணம் நின்று நகர்கிறது. விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியில் ரெஃப்ரெஷ் ரேட் 50 ஹெர்ட்ஸ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்துப் பார்க்கிறவர்களுக்கு அது அநேகமாக இருக்கும். ஆட்டம் முடிந்ததும் 60க்கே திருப்பிவிடலாம். புதிய கம்ப்யூட்டர் வாங்கினாலும் தீராத திக்கல் இது. கடைக்காரர்களில்கூட நிறையப் பேர் இதைச் சொல்வதில்லை.

பென்டிரைவில் வந்த கல்யாணம்

நெட்டே இல்லாத இடத்திலும் இதே தொல்லை வருகிறது. கல்யாண வீடியோவை இப்போது டிவிடியில் யாரும் கொடுப்பதில்லை, பென்டிரைவில் 4கேவாகக் கொடுக்கிறார்கள். முகூர்த்தக் காட்சி வரும்போது படம் நின்று நின்று வருகிறது. தாலி கட்டுவதைப் பார்க்க உட்கார்ந்த பாட்டி எழுந்து போய்விடுகிறார்.

விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதிய 4கே ஃபைலை ஓட்ட, பென்டிரைவ் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டைத் தடையில்லாமல் தர வேண்டும். மலிவான பென்டிரைவ்கள் அந்த எல்லையிலேயே மூச்சு வாங்கும். எனவே முதலில் ஃபைலை ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு அங்கிருந்து ஓட்டுங்கள். அப்போதும் திக்கினால், அது எடுக்கப்பட்ட விதம் காரணமாக இருக்கலாம். நல்ல கேமராக்கள் ஒவ்வொரு நிறக்கூறையும் வழக்கமான 8 பிட்டுக்குப் பதிலாக 10 பிட்டில் பதிகின்றன. எடிட்டிங்குக்கு அது அருமையானது. ஆனால் 10 பிட் எச்.264ஐ விரிக்கும் டிகோடர் மிகப் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் கிடையாது. வில்லியனூரிலோ பாகூரிலோ வீடியோகிராபரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, '4கே ஒன்று வையுங்கள், கூடவே 1080பி, 8 பிட், எச்.264இல் இன்னொரு காப்பி போட்டுக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்குங்கள். அவருக்கு அது ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுத் தூங்கும் வேலை. வீட்டுக்கு அது இருபது வருடம் எந்த மெஷினிலும் ஓடும் கல்யாணம்.

அந்த ஃபைலைத் திறக்க 'கோடெக் பேக்' என்று எதையும் இறக்க வேண்டாம். அதில் நல்லதும் உண்டு, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் குப்பையும் உண்டு. விஎல்சி போதும். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷமும் உண்டு, அது பிரான்ஸில் பிறந்தது. 1996இல் எக்கோல் சாந்த்ரால் பாரி என்ற பொறியியல் கல்லூரியின் மாணவர்கள், தங்கள் விடுதி நெட்வொர்க்கில் வீடியோ அனுப்புவதற்காகத் தொடங்கிய வேலை அது. 2001இல் கல்லூரி அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட ஒப்புக்கொண்டது. மாணவர்கள் தெருவிலிருந்து தூக்கி வந்து சேர்த்த ஆரஞ்சு நிறப் போக்குவரத்துக் கூம்புதான் அதன் சின்னம். 2025 ஜனவரியில் அதன் டவுன்லோடு 600 கோடியைத் தாண்டியது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. அதே விஎல்சி குழுவினர் 2018இல், ஏவி1 டிகோடர் இல்லாத பழைய சிப்களுக்காக டேவ்1டி என்ற மென்பொருளை எழுதினார்கள். சிபியுவின் ஒவ்வொரு துளி வேகத்தையும் பிழிந்தெடுக்கும்படி, பெரும்பகுதியை அசெம்பிளி மொழியிலேயே கையால் எழுதினார்கள். இன்று குரோமும் ஃபயர்பாக்ஸும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களைப் பற்றி யோசித்து உழைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

தூக்கிப்போட வேண்டாம்

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. விண்டோஸ் 11, பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை ஏற்பதில்லை. இதனால் ஆபீஸ்களிலிருந்து ஆறாம், ஏழாம் தலைமுறைக் கம்ப்யூட்டர்கள் மூட்டை மூட்டையாக வெளியே வருகின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அவை செகண்ட் ஹேண்டாகக் குவிந்து கிடக்கும். எச்டி வீடியோ பார்க்க வேண்டிய வீட்டுக்கு அவை பொக்கிஷம் என்றே சொல்வேன். ஏழாம் தலைமுறை சிப்பில் எச்.264, அதன் அடுத்த வடிவமான எச்இவிசி, விபி9 மூன்றுக்கும் டிகோடர் உண்டு. லினக்ஸ் போட்டு, ஃபயர்பாக்ஸ் வைத்தால் போதும். இன்டெல் கிராபிக்ஸ் உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஹார்டுவேர் டிகோடிங்கை ஃபயர்பாக்ஸ் 2023இல், 115ஆம் பதிப்பிலிருந்து தானாகவே ஆன் செய்துவிட்டது. லினக்ஸ் என்றால் பயப்படுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கற்றுத் தருகிறது. புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் இயக்கம் இருக்கிறது.

புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்றால், பெட்டி மேல் ஒட்டியிருக்கும் ஜிபி கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். மலிவு லேப்டாப்களில் வரும் செலரான் என்4020 விபி9ஐ நன்றாக விரிக்கும், ஏவி1 அதற்குத் தெரியாது. 2023இல் வந்த என்100க்கு ஏவி1 தெரியும். விலையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஏஎம்டியில் ரைசன் 6000 வரிசை லேப்டாப் சிப்களுக்கு ஏவி1 உண்டு. ஆனால் அதற்குப் பின் வந்த ரைசன் 5 7530யு சிப்புக்குள் பழைய கிராபிக்ஸ்தான், ஏவி1 இல்லை. நம்பர் பெரிதாக இருப்பதால் மட்டும் புதியது ஆகிவிடாது.

வீட்டுக்குச் சொல்லும் இந்தப் புத்திமதி அரசுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் போனது. புதுச்சேரி அரசும் பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறது. இந்த லேப்டாப்கள் எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர். அண்ணனுக்குப் பிறகு தங்கை, தங்கைக்குப் பிறகு சித்தப்பா பையன் என்று பத்து வருடம் கைமாறி உழைக்கப்போகிறவை. இப்படி மொத்தமாக வாங்கும் டெண்டரில் ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று கேட்பது மட்டும் போதாது. ஏவி1 வீடியோவை 1080பி தரத்தில், விநாடிக்கு 60 ஃபிரேம், ஹார்டுவேர் டிகோடரிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். மாதிரி லேப்டாப்பில் ஒரு வீடியோவை ஓட்டி, டாஸ்க் மேனேஜரின் ஜிபியு பகுதியில் வீடியோ டிகோட் கோடு எழுகிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்த முறை கல்வித் துறை லேப்டாப்புக்கு டெண்டர் விடும்போது அந்த நிபந்தனை அதில் இருக்கிறதா என்று பெற்றோர் சங்கங்களும் தொகுதி எம்எல்ஏக்களும் கேட்க வேண்டும்.